பேக்கப் இருந்தும் வீடியோ இல்லை

பென் டிரைவில் பேக்கப் இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்தேன். லேப்டாப் படுத்த அன்று திறந்தால், பெரிய வீடியோக்களில் ஒன்றுகூட இல்லை! டிரைவ், கோப்புகளை அடுக்கிவைக்கும் பழைய முறையான ஃபேட்32 வடிவில் இருந்திருக்கிறது; 4 ஜிபியைத் தாண்டும் கோப்பு அதில் ஏறாது. நகலெடுக்கும்போது வந்த பிழைச் செய்தியைப் படிக்காமல் மூடியது நான்தான்.

லேப்டாப்பின் டிஸ்க்கைக் கழற்றி, யுஎஸ்பி உறையில் போட்டு, வேறு கணினியில் செருகினேன். நல்லவேளை, டிஸ்க் பிழைத்திருந்தது.

இப்போது, பெரிய கோப்புகளும் ஏறும் என்டிஎஃப்எஸ் வடிவில் ஃபார்மட் செய்த வெளி ஹார்ட் டிஸ்க் இரண்டு. ஒன்று என்னிடம், மற்றது அண்ணன் வீட்டில். சில்லுகளில் தரவைச் சேமிக்கும் எஸ்எஸ்டி வேகம்தான், ஆனால் மின்சாரமே காணாமல் ஆண்டுக்கணக்கில் கிடந்தால் தரவு அழியலாம், அலமாரியில் போட்டுவைக்க மனம் வரவில்லை. மாதம் ஒருமுறை நாலைந்து கோப்புகளைத் திறந்தும் பார்த்துவிடுகிறேன்.