குமரி மாவட்டத்தில் ஸ்போர்ட்ஸ் காருக்கு ஆயில்: என்ஜினுக்கு எது, கியர் பாக்ஸுக்கு எது?

கியர் ஆயில் என்று கடையில் கேட்டால், என்ன வண்டி என்று கேட்பதற்கு முன்பே ஒரு "தொண்ணூறு" கேன் மேஜைக்கு வந்துவிடுவது நம் பக்கத்து வழக்கம். ஜீப்புக்கும் டெம்போவுக்கும் காலங்காலமாக ஓடிய ஆயில் அது. என்ஜினுக்கும் அப்படித்தான்: பேரலில் 15டபிள்யூ-40 டீசல் ஆயில் இருக்கும், வருகிற வண்டிக்கெல்லாம் அதை ஊற்றுவார்கள். விர்டஸ் ஜிடி, ஐ20 என் லைன், ஆல்ட்ரோஸ் ரேசர், பழைய அபார்த் புன்டோ, பலேனோ ஆர்எஸ், சிட்டி விடெக் மாதிரி மேனுவல் கியரும் துடிப்பான பெட்ரோல் என்ஜினும் உள்ள வண்டிக்கு இந்த இரண்டு வழக்கமும் ஆகாது.

முதலில் வண்டியோடு வந்த கையேட்டை எடுங்கள். என்ஜின் ஆயிலுக்கு அதில் இரண்டு விஷயம் இருக்கும். ஒன்று கிரேடு, அதாவது 5டபிள்யூ-30, 5டபிள்யூ-40 போன்ற எண். இன்னொன்று தரக் குறியீடு: ஏபிஐ எஸ்பி, ஏசிஇஏ சி3, ஃபோக்ஸ்வேகன் 502 00 என்று வண்டிக்கு வண்டி மாறும். பலர் கிரேடை மட்டும் பார்த்து வாங்குகிறார்கள். ஒரே 5டபிள்யூ-40 எழுதிய இரண்டு கேனுக்குள் இருக்கும் சரக்கு ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. கேனின் பின்பக்கம் பொடி எழுத்தைப் படியுங்கள். கார் கம்பெனியின் எண்ணுக்குப் பக்கத்தில் "அப்ரூவ்ட்" என்று இருந்தால், அந்தக் கம்பெனியே சோதித்து ஒப்புக்கொண்ட ஆயில். "மீட்ஸ்", "சூட்டபிள் ஃபார்" என்று இருந்தால் அது ஆயில் கம்பெனி தானாகச் சொல்லிக்கொள்வது. டர்போ வண்டிக்கு முதல் வகையையே வாங்குங்கள்.

முன் எண்ணுக்கு நம் ஊரில் வேலை குறைவு

டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் எழுத்து. 5டபிள்யூ ஆயிலை மைனஸ் 30 டிகிரியிலும், 10டபிள்யூ ஆயிலை மைனஸ் 25 டிகிரியிலும் என்ஜின் சுழலுமா என்று சோதிக்கிறார்கள். மார்கழி விடியலில்கூட ஸ்வெட்டர் தேடாத ஊரில் 0டபிள்யூ-வுக்கும் 5டபிள்யூ-வுக்கும் ஸ்டார்ட் ஆவதில் பெரிய வித்தியாசம் தெரியாது. கையேடு 5டபிள்யூ-40 சொன்னால், 0டபிள்யூ-40 கேனுக்குக் கூடுதல் காசு கொடுக்கத் தேவையில்லை.

அதற்காக "நம்ம வெயிலுக்கு 20டபிள்யூ-50தான் சரி" என்று போகவும் கூடாது. வெயிலடிக்கும் ஊரிலும் காலையில் என்ஜின் ஆயில் ஆறித்தான் கிடக்கும். 100 டிகிரியில் 13, 14 சென்டிஸ்டோக்ஸ் (ஆயிலின் கட்டியை அளக்கும் அலகு) இருக்கிற 5டபிள்யூ-40, 40 டிகிரியில் 80-ஐ ஒட்டி நிற்கும். ஏறக்குறைய ஆறு மடங்கு கட்டி. 20டபிள்யூ-50 அதைவிடவும் கட்டியாக நிற்கும். முதல் ஐந்து கிலோமீட்டர் ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் ஓட்டச் சொல்வது இதனால்தான்.

பின் எண்ணில்தான் விஷயம் இருக்கிறது

100 டிகிரியில் 30 கிரேடு 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்ஸ் வரை, 40 கிரேடு 12.5 முதல் 16.3 வரை, 50 கிரேடு 16.3 முதல் 21.9 வரை. விரட்டி ஓட்டுகிறவர் இதைவிடக் கவனிக்க வேண்டியது ஹெச்டிஹெச்எஸ். 150 டிகிரி சூட்டில், பேரிங்குக்குள் நசுங்கும்போது ஆயில் எவ்வளவு கட்டியாக நிற்கிறது என்பதன் அளவு அது. 20 கிரேடுக்குக் குறைந்தபட்சம் 2.6, 30-க்கு 2.9, 5டபிள்யூ-40-க்கு 3.5. ஏசிஇஏ சி3 குறியீடு இருந்தால் 30 கிரேடாக இருந்தாலும் 3.5-க்குக் குறையாது. கேனில் இந்த எண்ணைப் போட மாட்டார்கள். ஆயில் கம்பெனியின் டேட்டா ஷீட்டில் இருக்கும்.

கையேடு 30, 40 இரண்டையும் அனுமதித்தால், நிதானமாக ஓட்டுகிறவருக்கு 30 போதும். வேகமாக ஓட்டுகிறவருக்கு 40. ஆனி, ஆடியில் காவல்கிணற்றிலிருந்து நாகர்கோவில் திரும்பிப் பாருங்கள். முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றுகிற ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று நேரே முகத்தில் அடிக்கும். அதே வேகத்தில் போக ஆக்சிலரேட்டரை இன்னும் மிதிக்க வேண்டியிருக்கும், ஆயில் சூடும் ஏறும். குலசேகரம் தாண்டி பேச்சிப்பாறைப் பக்கம் இரண்டாம் கியரிலேயே வளைந்து ஏறும்போது காற்றோட்டம் குறைவு, சுழற்சி அதிகம். அந்த இடங்களில் 40 கிரேடு கை கொடுக்கும்.

கையேடு 0டபிள்யூ-20 மட்டும் சொல்கிறதா? அப்படியானால் 50-க்குத் தாவாதீர்கள். அந்த என்ஜினின் ஆயில் பம்ப்பும் வால்வு டைமிங்கை மாற்றுகிற சொலினாய்டும் மெல்லிய ஆயிலுக்கு அமைக்கப்பட்டவை. வாரண்டி இருக்கும்வரை கையேட்டின் எண்ணை விட்டு நகர வேண்டாம்.

டர்போவும் டைரக்ட் இன்ஜெக்ஷனும் சேர்ந்த என்ஜினுக்கு ஏபிஐ எஸ்பி அல்லது அதற்குப் பிந்திய தரம்தான். குறைந்த சுழற்சியில், உயர்ந்த கியரில் திடீரென மிதித்தால், ஸ்பார்க் வருவதற்கு முன்பே பெட்ரோல் பற்றிக்கொண்டு பிஸ்டனை உடைக்கும் கோளாறு ஒன்று உண்டு. ஆயிலில் கால்சியம் கூடினால் அதற்கான வாய்ப்பும் கூடும். 2020-ல் வந்த எஸ்பி தரம் இதைச் சோதித்துத்தான் முத்திரை தருகிறது. பேரல் டீசல் ஆயிலில் அந்தக் காவல் இல்லை. போதாக்குறைக்கு அதில் கூடுதலாக இருக்கும் பாஸ்பரஸ், காலப்போக்கில் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையும் கெடுக்கும்.

வடசேரிக்கும் கோட்டாறுக்கும் மட்டும் ஓடுகிற வண்டி

உண்மையில் நம் மாவட்டத்தில் ஆயிலைக் கெடுப்பது வேகத்தைவிடக் குட்டி ஓட்டங்கள்தான். இரண்டு மூன்று கிலோமீட்டரில் ஆயில் முழுச் சூட்டுக்கு வராது. எரிபொருள் எரிந்து உண்டாகும் நீராவியும் எரியாத பெட்ரோலும் என்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பிலேயே தங்கிவிடும். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து உட்பக்கத்தைப் பாருங்கள். தேங்காய்ப்பால் திரிந்தது போல வெள்ளையாக ஒட்டியிருந்தால் தண்ணீர் சேர்ந்திருக்கிறது. இரண்டு பருவமழையும் பெய்கிற இந்த மாவட்டத்தில் மழைக்காலத்தில் இது சகஜம். வாரம் ஒரு தடவை கன்னியாகுமரிவரை 20 கிலோமீட்டர் போய் வந்தால் பெரும்பாலும் காய்ந்துவிடும். அதற்குப் பிறகும் வெள்ளை வருகிறது, கூலன்ட் அளவும் இறங்குகிறது என்றால் ஹெட் காஸ்கெட்டைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இப்படி ஓடும் வண்டிக்கு 10,000 கிலோமீட்டர் கணக்கு வேண்டாம். 5,000 கிலோமீட்டர் அல்லது ஆறு மாதம், எது முதலில் வருகிறதோ அப்போது ஆயிலும் பில்டரும் சேர்த்து மாற்றுங்கள். ஊற்றும்போது கையேட்டின் அளவுக்கு அரை லிட்டர் குறைவாக ஊற்றி, ஸ்டார்ட் செய்து நிறுத்தி, ஐந்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக் பார்த்து மீதியைச் சேர்க்கவும். மேல் கோட்டைத் தாண்டினால் கிராங்க் ஆயிலை அடித்து நுரையாக்கும். நுரை பேரிங்கைக் காக்காது.

கியர் பாக்ஸ்: பித்தளையை நினைத்து வாங்குங்கள்

கியர் ஆயிலின் எண் வேறு கணக்கு. 90 என்றால் என்ஜின் ஆயில் 50-ஐவிட இருமடங்கு கட்டி என்று நினைக்க வேண்டாம். கியர் ஆயில் 90, 100 டிகிரியில் 13.5 முதல் 18.5 சென்டிஸ்டோக்ஸ்தான்; என்ஜின் ஆயில் 40, 50 கிரேடுகளின் அளவு.

எண்ணைவிட முக்கியம், கேனில் உள்ள கியர் ஆயில் தரக் குறியீடு ஜிஎல்-4-ஆ, ஜிஎல்-5-ஆ என்பது. கியர் மாற்றும்போது சிங்க்ரோ என்ற பித்தளை வளையம் கூம்பின் மேல் அழுந்தி, உரசிப் பிடித்து, கியர் பல்சக்கரத்தின் வேகத்தையும் அது ஏறியிருக்கும் தண்டின் வேகத்தையும் ஒன்றாக்குகிறது. அந்த உரசல் இல்லாமல் கியர் விழாது. ஜிஎல்-5-ல் பல்லைக் காக்கும் கந்தக, பாஸ்பரஸ் சேர்மானம் ஜிஎல்-4-ஐவிட ஏறக்குறைய இருமடங்கு. வளையம் வழுக்கும், "கறக்" என்று சத்தம் வரும். சூட்டில் அந்தச் சேர்மானம் பித்தளையையும் அரிக்கக்கூடும். முன்சக்கர இழுவை வண்டிகளில் டிஃபரன்ஷியலும் (இடது, வலது சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் பகுதி) கியர் பாக்ஸுக்குள்ளேயே ஹெலிக்கல் என்ற சாய்ந்த பல்லோடு இருப்பதால் பொதுவாக ஜிஎல்-4 போதும். பின்சக்கர இழுவை வண்டியின் பின் டிஃபரன்ஷியலுக்கு ஜிஎல்-5 கட்டாயம். கிளட்ச் பிளேட் வைத்த எல்எஸ்டி (ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழல்வதைத் தடுக்கும் டிஃபரன்ஷியல்) என்றால் உரசலைச் சீராக்கும் ஃப்ரிக்ஷன் மாடிஃபையரும் சேர்க்க வேண்டும். "ஜிஎல்-4/ஜிஎல்-5" என்று இரண்டும் போட்ட கேனைக் கையேடு கேட்டால் ஒழிய வாங்க வேண்டாம்.

ஹோண்டாவுக்கு அந்தக் கம்பெனியின் எம்டிஎஃப் என்ற மேனுவல் கியர் பாக்ஸ் ஆயிலைத் தவிர வேறு யோசிக்காதீர்கள். அது மெல்லியது, 75டபிள்யூ-90 ஊற்றிய சிட்டி விடெக்கில் காலையில் இரண்டாம் கியர் மல்லுக்கட்டும்.

மாற்றும் முறை: பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, வண்டி நான்கு பக்கமும் சமமாக நிற்கும்படி லிஃப்ட்டில் ஏற்றுங்கள். முதலில் கழற்ற வேண்டியது மேலே இருக்கும் ஃபில் பிளக். கீழே வடித்த பிறகு மேல் பிளக் கழலாவிட்டால் வண்டி அங்கேயே கிடக்க வேண்டியதுதான். சில வண்டிகளுக்கு 17 மில்லிமீட்டர் ஆலன் கீ தேவைப்படும். பிறகு டிரெய்ன் பிளக்கைத் திறந்து 20 நிமிடம் விடுங்கள்.

பிளக்கின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருந்தால் கவலை இல்லை, அது வழக்கமான தேய்மானம். நகத்தில் கிள்ளியெடுக்கிற அளவு துணுக்கு இருந்தால் பல் உடைந்திருக்கிறது. வடித்த ஆயிலில் டார்ச் அடித்துப் பாருங்கள். பொன் துகள் மாதிரி மின்னினால் அது காந்தத்தில் ஒட்டாத சிங்க்ரோ பித்தளை. ஆயில் பால் சேர்த்த டீ நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. ஐப்பசி மழையில் தேங்கிய தண்ணீருக்குள் சூடான வண்டியை இறக்கினால், கியர் பாக்ஸ் சட்டெனக் குளிர்ந்து பிரீதர் என்ற காற்றுத் துளை வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். அந்த வண்டிக்கு கிலோமீட்டர் கணக்குப் பார்க்காமல் உடனே மாற்றவும்.

புது வாஷர் போட்டு, கையேட்டில் உள்ள டார்க்குக்கு முறுக்கி, மேல் துளை வழியாகக் கைப்பம்பால் நிரப்புங்கள். துளையிலிருந்து நூல் போல வழிந்து நின்றால் அளவு சரி. ஆனால் சில கியர் பாக்ஸுகளில் அளவு துளைக்குக் கீழேயே நிற்க வேண்டும், லிட்டர் பார்த்துத்தான் ஊற்ற முடியும். கையேட்டைப் பார்க்காமல் வழியும்வரை ஊற்றாதீர்கள். பெரும்பாலும் 2 லிட்டருக்குப் பக்கத்தில் வரும். சாதாரண ஓட்டத்துக்கு 50,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை, விரட்டுகிற வண்டிக்கு 30,000. "ஆயுள் முழுக்க மாற்ற வேண்டாம்" என்று சொல்லப்படும் பாக்ஸுகளையும் இந்தக் கணக்கில் சேர்க்கலாம்.

காலியான என்ஜின் ஆயில் கேனில் ஸ்க்ரூடிரைவரால் ஓட்டை போட்டுவிட்டு எறியுங்கள். போலி ஆயில் நிரப்புகிறவர்களுக்கு ஓட்டையில்லாத கேன்தான் தேவை. வடித்த ஆயிலை வாய்க்காலில் விடாமல், கேனில் அடைத்து, பழைய ஆயில் எடுக்கும் அனுமதி பெற்றவருக்குப் போகிற ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள். மிஞ்சிய கியர் ஆயிலை மூடி இறுக்கி, தேதி எழுதி, ஈரம் படாத இடத்தில் வையுங்கள். ஆக்ஸில் சீல் கசிந்தால் அளவு சேர்க்க அதே ஆயில்தான் வேண்டும்.