ஆளில்லா ஹெலிகாப்டரின் விவரத்தாளைப் படிப்பது எப்படி

ஆளில்லா ஹெலிகாப்டர் ஒன்றை வாங்கவோ வாடகைக்கு அமர்த்தவோ பொறுப்பேற்பவர், கடற்படையைச் சேர்ந்தவராக இருந்தாலும் வேளாண் கூட்டுறவுச் சங்கத்தைச் சேர்ந்தவராக இருந்தாலும், முதலில் அவர் கைக்கு வருவது ஒரு விவரத்தாள்தான். சுமக்கும் எடை, பறக்கும் நேரம், எட்டும் உயரம் என்று மூன்று எண்கள் அதில் தடித்த எழுத்தில் அச்சாகியிருக்கும். மூன்றும் மெய்யான எண்களே. ஆனால் மூன்றும் ஒரே பறப்பில் சேர்ந்து கிடைப்பதில்லை. ஒன்றைக் கூட்டினால் மற்ற இரண்டும் எவ்வளவு குறையும் என்று கணக்கிடத் தெரிந்துகொண்டால், விற்பவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் தாமாகவே பிறக்கும்.

ஹெலிகாப்டர்தான் வேண்டுமா?

பல விசிறிகளுடன் மின்கலத்தில் இயங்கும் மல்டிகாப்டர் விலை குறைந்தது. பழுது பார்ப்பதும் எளிது. இருபது நிமிடத்தில் முடிகிற வேலைக்கு ஹெலிகாப்டரைத் தேடுவது வீண் செலவு என்பதே என் கருத்து. ஹெலிகாப்டரின் பலம் எரிபொருளிலும், மேலே சுழன்று அதைத் தூக்கும் விசிறியான ரோட்டரின் அளவிலும் உள்ளது. ஒரு கிலோ பெட்ரோலில் ஏறத்தாழ 12 கிலோவாட் மணி ஆற்றல் அடங்கியிருக்கிறது. ஒரு கிலோ லித்தியம் மின்கலத்தில் அது கால் கிலோவாட் மணி அளவே. சிறிய எஞ்சின் அந்த ஆற்றலில் பெரும்பகுதியை வெப்பமாக வீணடித்தாலும், மிஞ்சுவது மின்கலத்தைப் போலப் பல மடங்கு. மேலும், பெரிய ரோட்டர் ஒன்று நிறையக் காற்றை மெதுவாகக் கீழே தள்ளுவதால், அதே எடையை அந்தரத்தில் நிறுத்திவைக்கக் குறைந்த திறனே தேவைப்படுகிறது. இதற்கு ஈடாகக் கியர்பெட்டி, வால் ரோட்டரைச் சுழற்றும் தண்டு, பிளேடுகளின் சாய்வை மாற்றும் தட்டு என்று தேயக்கூடிய பாகங்கள் பலவற்றைப் பராமரிக்க வேண்டியிருக்கும். நன்கு பயின்ற மெக்கானிக் ஒருவர் இல்லாத இடத்தில் இந்த இயந்திரம் வெகு விரைவில் கொட்டகையில் தூசி படிந்து நின்றுவிடும்.

எடையும் நேரமும்

ஆஸ்திரியாவின் ஷீபெல் நிறுவனம் தயாரிக்கும் கேம்காப்டர் எஸ்-100 என்ற ஹெலிகாப்டரை எடுத்துக்கொண்டு ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அதன் ரோட்டர் விட்டம் 3.4 மீட்டர், வெற்று எடை 110 கிலோ, புறப்படும்போது இருக்கக்கூடிய உச்ச எடை 200 கிலோ. ஆக, எரிபொருளுக்கும் கேமராவுக்கும் ரேடாருக்கும் சேர்த்து நம் கையில் இருப்பது 90 கிலோ. உச்ச சுமை 50 கிலோ என்று தாளில் இருக்கும். ஆறு மணி நேரத்துக்கு மேல் பறக்கும் என்றும் இருக்கும். அந்த ஆறு மணி நேரம் 34 கிலோ சுமைக்கு உரியது என்பதைக் கீழே சிறிய எழுத்தில்தான் பார்க்க முடியும். பத்து மணி நேரம் வேண்டுமென்றால் வெளியே கூடுதல் எரிபொருள் கலம் ஒன்றைத் தொங்கவிட வேண்டும். அதன் எடையும் அதே 90 கிலோவிலிருந்துதான் கழியும். எனவே விற்பவரிடம் “அதிகபட்சம் எவ்வளவு நேரம்” என்று கேட்காமல், நம் கேமராவின் எடை, பணியிடத்துக்குப் போய்வரும் தூரம், கையிருப்பாக அரை மணி நேர எரிபொருள் ஆகிய மூன்றையும் சொல்லி, பணியிடத்தின் மேல் எத்தனை நிமிடம் நிற்கும் என்பதை எழுத்தில் வாங்க வேண்டும்.

வெயிலையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். விவரத்தாளின் எண்கள் பெரும்பாலும் கடல்மட்டத்தில் 15 டிகிரி வெப்பத்தை வைத்துக் கணக்கிடப்பட்டவை. 40 டிகிரியில் காற்றின் அடர்த்தி சுமார் 8 சதவீதம் குறைகிறது. ரோட்டருக்குப் பிடிமானம் குறையும் அதே நேரத்தில் எஞ்சினின் திறனும் குறைகிறது. இதைச் செயல்விளக்கத்தின்போது மறைப்பது எளிது. ரோட்டர் விட்டத்தைவிடக் குறைந்த உயரத்தில் நிற்கும் ஹெலிகாப்டருக்குத் தரையே ஓரளவு கைகொடுக்கும் என்பதால், திணறும் இயந்திரமும் இரண்டு மீட்டர் உயரத்தில் அழகாக நின்று காட்டும். ஆகவே செயல்விளக்கத்தை நண்பகலில் வைத்து, முழுச் சுமையுடன் பத்து மீட்டருக்கு மேல் ஐந்து நிமிடம் அசையாமல் நிற்கச் சொல்லி, அப்போது எஞ்சினின் வெப்பமானியையும் திறன் அளவையும் தரைக் கட்டுப்பாட்டுத் திரையில் தாமே பார்க்க வேண்டும்.

இறங்கும் இடம்

கப்பலில் பயன்படுத்துவோருக்கு, ஹெலிகாப்டர் எவ்வளவு தூரம் போகும் என்பதைவிட, ஆடும் தளத்தில் அது எப்படித் திரும்பி இறங்கும் என்பதே பெரிய கேள்வி. அமெரிக்கக் கடற்படையின் ஆளில்லா ஹெலிகாப்டரான ஃபயர் ஸ்கவுட், 2006 ஜனவரியில் நாஷ்வில் என்ற கப்பலின் தளத்தில் தானாகவே இறங்கிக் காட்டியது. கப்பல் எத்தனை டிகிரி வரை சாய்ந்தால் இறங்கலாம், காற்று எந்தப் பக்கத்திலிருந்து எவ்வளவு வேகத்தில் வீசலாம், இறங்கியதும் தளத்தோடு பிடித்துவைக்கக் கொக்கி உண்டா என்பனவற்றைத் தனித்தனியாகக் கேட்க வேண்டும். எரிபொருளும் இங்கே தடையாகலாம். எளிதில் தீப்பற்றும் பெட்ரோலைப் போர்க்கப்பலில் சேமிக்கக் கடற்படைகள் தயங்குகின்றன. எஸ்-100-க்குப் பெட்ரோல் எஞ்சினுடன் ஜெட் எரிபொருளில் ஓடும் எஞ்சினும் வந்ததற்கு அதுவே முக்கியக் காரணம்.

இராணுவ இயந்திரம், குடிமை இயந்திரம் என்ற பிரிவினை பெரும்பாலும் அடியில் தொங்கும் கருவியில்தான் இருக்கிறது. கடற்படைகள் பறக்கவிடும் அதே எஸ்-100, மத்தியதரைக் கடலில் தத்தளித்த அகதிப் படகுகளைத் தேட 2014-இல் ஒரு தொண்டு நிறுவனத்தின் கப்பலிலிருந்து பறந்தது. ஐரோப்பியக் கடற்பகுதிகளில் கப்பல் புகையின் கந்தக அளவை மோப்பம் பிடிக்கவும் பறந்திருக்கிறது.

தொடர்பு அறுந்தால்

விவரத்தாளில் பெரும்பாலும் ஒரே வரியில் முடிந்துவிடும் இந்தப் பகுதிக்குத்தான் நான் அதிக நேரம் செலவிடச் சொல்வேன். “தொடர்பு அறுந்தால் தானாகத் திரும்பிவிடும்” என்பது போதுமான பதில் அன்று. 2010 ஆகஸ்டில் மேரிலாந்தில் சோதனைப் பறப்பில் இருந்த ஃபயர் ஸ்கவுட் ஒன்றின் தொடர்பு அறுந்தது. திரும்பிவர வேண்டிய அது, மென்பொருள் கோளாறால் இருபது மைலுக்கு மேல் வழிதவறி வாஷிங்டனைச் சுற்றியுள்ள தடைசெய்யப்பட்ட வான்பரப்பில் நுழைந்தது. மீண்டும் தொடர்பு கிடைத்த பிறகே பத்திரமாக இறக்கப்பட்டது. எனவே, எத்தனை வினாடி மௌனத்துக்குப் பின் அது தொடர்பு அறுந்ததாகக் கொள்ளும், எந்த உயரத்துக்கு ஏறும், எந்த வழியாகத் திரும்பும், அந்த வழியில் கோபுரமோ குன்றோ இருப்பதை அறியுமா, ஜிபிஎஸ்ஸும் சேர்ந்து போனால் என்ன செய்யும் என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். 2012 மே மாதம் தென்கொரியாவின் இஞ்சியோனில் ஒரு எஸ்-100 தரைக் கட்டுப்பாட்டு வாகனத்தின் மீதே விழுந்து பொறியாளர் ஒருவர் உயிரிழந்தார். எல்லைக்கு அப்பாலிருந்து ஜிபிஎஸ் குறுக்கீடு நடந்துகொண்டிருந்த நாட்கள் அவை. எந்தக் காரணத்தால் விழுந்தாலும், கட்டுப்பாட்டு வாகனத்தைப் பறக்கும் பாதையிலிருந்து ஒதுக்கி நிறுத்துவது நம் கையில்தான் இருக்கிறது.

கயிற்றில் தொங்கும் சுமை

ஆப்கானிஸ்தானில் 2011 டிசம்பரிலிருந்து அமெரிக்க மரைன் படைக்குச் சரக்கு சுமந்த ஆளில்லா கே-மேக்ஸ் ஹெலிகாப்டர், 2,700 கிலோ வரை கயிற்றில் தொங்கவிட்டுத் தூக்கக்கூடியது. சாலையோரக் குண்டுகளுக்கு அஞ்சிச் செல்ல வேண்டிய லாரிகளின் வேலையில் ஒரு பங்கை அது செய்தது. ஆயினும் 2013 ஜூனில் ஒரு கே-மேக்ஸ் விழுந்தது. பின்னாலிருந்து வீசிய காற்றில் தொங்கிய சுமை ஊசலாடத் தொடங்கியதே அதன் தொடக்கம். சரக்குப் பணிக்கு வாங்குவோர், ஊசலாட்டத்தை இயந்திரம் தானே உணருமா, தேவைப்பட்டால் சுமையைக் கழற்றிவிடுமா என்பதைச் சரிபார்க்க வேண்டும்.

வயலில்

ஆளில்லா ஹெலிகாப்டர் அன்றாடக் கருவியாகிவிட்ட இடம் போர்க்களமன்று, ஜப்பானின் நெல்வயல். யமஹா நிறுவனம் 1987-இல் ஆர்-50-ஐயும் 1997-இல் ஆர்மேக்ஸையும் கொண்டுவந்தது. 94 கிலோ உச்ச எடையும் 3.1 மீட்டர் ரோட்டரும் கொண்ட ஆர்மேக்ஸ், 2000-இல் வெடித்த ஊசு எரிமலையை நோட்டமிடவும் 2011-க்குப் பின் ஃபுகுஷிமாவில் கதிரியக்கத்தை அளக்கவும் அனுப்பப்பட்டது. மருந்து தெளிக்கும்போது பயிருக்கு மேல் மூன்று நான்கு மீட்டரில், மிதிவண்டி வேகத்தில் அது செல்லும். ரோட்டரின் கீழ்க்காற்று இலைகளைப் புரட்டிவிடுவதால் மருந்து அடிப்புறத்திலும் படியும். அதே கீழ்க்காற்று, உயரம் கூடினால் மருந்தைப் பக்கத்து வயலுக்கும் கொண்டுபோகும். எனவே இயக்குபவர் காற்று வரும் திசையில் நிற்க, வயலின் மறுமுனையில் இன்னொருவர் நின்று திரும்பும் புள்ளியைச் சொல்லும் ஏற்பாடு கட்டாயம் தேவை.

இந்தியாவில் 2021-ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகளின்படி 25 முதல் 150 கிலோ வரை நடுத்தர வகை, அதற்கு மேல் பெரிய வகை. ஆர்மேக்ஸ் அளவுள்ளது முதலாவதிலும் எஸ்-100 அளவுள்ளது இரண்டாவதிலும் சேரும். முப்படைகளை இவ்விதிகள் கட்டுப்படுத்தா. மற்றவர்கள் பதிவு எண்ணும் இயக்குபவருக்கான சான்றிதழும் பெற்றாக வேண்டும்.

கையெழுத்திடும் முன்

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பிளேடின் முன்விளிம்பு நெடுகிலும் விரலை ஓட்டிப் பார்க்கவும். நகம் தட்டுப்படும் கீறலோ குழியோ இருந்தால் அதன் வரலாற்றைக் கேட்கவும். பிளேடின் நுனியை மெல்ல மேலும் கீழும் அசைத்து, மையத்தில் ‘டக்’கென்ற தளர்வு கேட்கிறதா என்று கவனிக்கவும். வால் ரோட்டரைக் கையால் சுற்றினால் முதன்மை ரோட்டர் தடுமாறாமல் உடன் நகர வேண்டும். பராமரிப்புப் பதிவேட்டில் எந்தப் பாகம் எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றப்பட வேண்டும் என்றிருக்கிறதோ, அந்தப் பாகம் நம் நாட்டில் எத்தனை நாளில் கிடைக்கும் என்று கேட்டு எழுதிக்கொள்ளவும். கடைசியாக, ஆளில்லாத திறந்தவெளியில் அது பறந்துகொண்டிருக்கும்போது, முன்கூட்டிச் சொல்லிவைத்தபடி தரைநிலையத்தின் தொடர்பைத் துண்டிக்கச் சொல்லுங்கள். அது தானாகத் திரும்பி வந்து, குறித்த இடத்தில் இறங்கி, ரோட்டர் முழுமையாக நிற்கும் வரை காத்திருந்துவிட்டுப் பேனாவை எடுங்கள்.