ரியோஹா கிராமத்தில் தபாஸும் ஒயினும்: எப்படிச் சுவைப்பது

ஒயின் சுவைக்க முதல்முறை போகிறவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான். தட்டு வந்து சேரும்வரை கோப்பையைக் காலி செய்துவிடாதீர்கள். ஊற்றியதும் ஒரு வாய் குடியுங்கள், அப்புறம் தட்டில் இருக்கும் தபாஸில், அதாவது ஒயினோடு தரும் சின்னத் தின்பண்டத்தில், ஒரு கடி, அதை விழுங்கியதும் திரும்ப ஒரு வாய். அதே ஒயின்தான், ஆனால் இரண்டாவது வாயில் சுவை வேறாக இருக்கும். சில சமயம் மெருகேறும், சில சமயம் கெட்டுப்போகும். வழிகாட்டியோடு உட்கார்ந்து சுவைக்கக் காசு கொடுப்பதே அந்த மாற்றத்தைப் பிடிக்கத்தான். இது தெரியாமல் நான் முதல்முறை போனபோது வெள்ளை ஒயினைப் பேச்சுவாக்கில் குடித்து முடித்துவிட்டேன். அதற்கென்றே வைத்திருந்த ஆட்டுப்பால் சீஸ் அப்புறம்தான் வந்தது, வெறும் சீஸாகத்தான் சாப்பிட்டேன். இன்றைக்கும் அது மனதில் உறுத்துகிறது.

ஸ்பெயினில் ஒயின் ஊர்கள் நிறைய இருந்தாலும், கிராமத்தில் உட்கார்ந்து நிதானமாகச் சுவைக்க வேண்டும் என்றால் நான் வடக்கே இருக்கும் ரியோஹாவைத்தான் சொல்வேன். எப்ரோ ஆற்றுப் பள்ளத்தாக்கு அது. வடக்கே கந்தாப்ரியா மலை சுவர் மாதிரி நின்று அட்லாண்டிக் கடலின் குளிரையும் மழையையும் பெருமளவு தடுத்துவிடுகிறது, அதன் அடிவாரத்தில் கண்ணுக்கு எட்டியவரை திராட்சைக் கொடிகள். ஸ்பெயினில் முதன்முதலாக 1925-இல் ஒயினுக்கான ஊர்ப்பெயர்ப் பாதுகாப்பு கிடைத்தது இந்தப் பகுதிக்குத்தான், 1991-இல் அதைவிட உயர்ந்த தரமும் முதலில் இதற்கே கிடைத்தது. ஆனால் இங்கே வருவதற்குக் காரணம் அந்தப் பட்டங்கள் இல்லை. ஊர்கள் சின்னவை, ஒன்றுக்கொன்று பக்கத்தில் இருப்பவை, ஒயின் தயாரிக்கும் பொடேகாக்களில் பல இன்னும் குடும்பங்கள் நடத்துபவை. சாப்பாடும் ஒயினும் ஒரே மண்ணில் சேர்ந்தே வளர்ந்திருக்கின்றன.

எந்த ஊர் என்று கேட்டால் இரண்டைச் சொல்வேன். ஒன்று ஆரோ. 19-ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் பிரான்சின் திராட்சைத் தோட்டங்களை ஃபிலாக்சரா என்ற பூச்சி அழித்தபோது, அந்த நாட்டின் போர்தோ நகர வணிகர்கள் ஒயின் தேடி பிரனீஸ் மலையைத் தாண்டி இங்கே வந்தார்கள். 1863-இல் ரயில் வந்துவிட்டதால் ஆரோவின் ரயில் நிலையத்தைச் சுற்றியே பெரிய பொடேகாக்கள் எழும்பின, இன்றும் அங்கேதான் இருக்கின்றன, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நடந்தே போய்விடலாம். இன்னொன்று லாகுவார்தியா, குன்றின் மேல் மதில் சூழ்ந்த பழைய ஊர். வீடுகளுக்கு அடியில் இருநூறுக்கும் மேற்பட்ட நிலவறைகளைத் தோண்டி வைத்திருக்கிறார்கள், அதனாலேயே மதிலுக்குள் வண்டி விடுவதில்லை. கிராமத்துச் சூழல் வேண்டும் என்பவர்களுக்கு நான் லாகுவார்தியாவைத்தான் கைகாட்டுவேன். கீழே தோட்டங்களுக்கு நடுவில் காவல்காரர்கள் ஒதுங்குவதற்காகக் கட்டிய வட்டமான கல் குடிசைகள் நிற்கின்றன, அவற்றுக்கு குவார்தாவின்யாஸ் என்று பெயர். தோட்டத்திலேயே சுவைக்க ஏற்பாடு செய்கிறவர்கள் இருந்தால் அதை விடாதீர்கள்.

முன்பதிவு கட்டாயம். ஸ்பெயினில் பொடேகா என்பது கடை மாதிரி நினைத்த நேரத்தில் உள்ளே போகிற இடம் இல்லை, சின்ன பொடேகாவில் சுற்றிக் காட்டுகிறவரே காலையில் தோட்டத்தில் வேலை செய்துவிட்டு வந்தவராக இருக்கலாம். பதிவு செய்யும்போது நான்கு விஷயங்களைக் கேளுங்கள்: எந்த மொழியில் பேசுவார்கள், குழுவில் எத்தனை பேர், எத்தனை ஒயின், சாப்பாடு ஒவ்வொரு ஒயினோடும் தனித்தனியாக வருமா அல்லது கடைசியில் மொத்தமாக ஒரு தட்டா. நான்காவது கேள்விதான் முக்கியம். மொத்தமாக ஒரு தட்டு என்றால் அது நல்ல தின்பண்டமாக இருக்கலாம், ஆனால் மேலே சொன்ன முன்னும் பின்னும் விளையாட்டு நடக்காது. பத்துப் பேருக்கு மேல் இருக்கும் குழுவையும் தவிர்க்கப் பாருங்கள், கேள்வி கேட்க வாய்ப்பே கிடைக்காது.

நேரம் என்றால் நண்பகல் பன்னிரண்டு மணிச் சுற்று சிறந்தது. ஸ்பெயின்காரர்களின் மதியச் சாப்பாடு இரண்டு மணிக்கு மேல்தான், அதனால் சுவைப்பு முடிந்து மெதுவாக அப்படியே சாப்பாட்டுக்கு நகரலாம். வெறும் வயிற்றோடு போகவே கூடாது. செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் வரை அறுவடை, அப்போது ஊரே திராட்சை நொதிக்கும் வாசனையில் இருக்கும், ஆனால் எல்லோரும் வேலையில் மூழ்கியிருப்பார்கள். நிதானமாகப் பேச வேண்டும் என்றால் மே, ஜூன் நல்லது. கோடையில் போனாலும் மேல்சட்டை ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள், நிலவறைக்குள் எப்போதும் குளிர்தான். அன்றைக்கு மட்டும் வாசனைத் திரவியம் போடாதீர்கள். உங்களுக்கு மட்டுமில்லை, பக்கத்தில் இருப்பவருக்கும் ஒயினின் மணம் கிடைக்காமல் போய்விடும்.

வண்டி ஓட்டுவது பற்றி ஒரு கணக்கு. சுவைப்பில் ஒரு கோப்பைக்குச் சுமார் 50 மில்லி ஊற்றுவார்கள், ஐந்து ஒயின் என்றால் 250 மில்லி, அதாவது ஒரு பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு, அதுவும் 14 சதவீதம் ஆல்கஹால் உள்ள ஒயின். கார் ஓட்டுகிற ஒருவர் இருந்தால் அவர் குடிக்காமல் இருக்கட்டும், இல்லையென்றால் பக்கத்து நகரமான லோக்ரோன்யோவில் தங்கிக்கொண்டு பஸ்ஸிலோ டாக்சியிலோ போய் வாருங்கள். லாகுவார்தியா அங்கிருந்து இருபது கிலோமீட்டருக்கும் குறைவுதான். குடிக்காதவருக்கு மோஸ்தோ என்று கேட்டு வாங்குங்கள், அது புளிக்காத திராட்சைச் சாறு, அந்த ஊர் மதுக்கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும். யாரும் ஒரு மாதிரி பார்க்க மாட்டார்கள்.

சரி, கோப்பை கையில் வந்துவிட்டது. தண்டைப் பிடியுங்கள், கிண்ணத்தைப் பிடித்தால் கைச் சூட்டில் ஒயின் சூடாகும். முதலில் ஆட்டாமல் முகர்ந்து பாருங்கள், பிறகு மேசையில் வைத்தபடியே சுழற்றிவிட்டு மறுபடி முகருங்கள், வாசனை இரண்டு மடங்காக எழும்பும். சிவப்பு ஒயினில் பழ வாசனை வரும், ஆனால் நாக்கில் இனிப்பு இருக்காது. நம்மவர்கள் பலர் இங்கேதான் ஏமாற்றமடைகிறார்கள். பழத்தில் இருந்த சர்க்கரையை ஈஸ்ட் ஆல்கஹாலாக மாற்றிவிட்டது, அவ்வளவுதான். இனிப்பை எதிர்பார்க்காமல் குடித்தால் மற்றதெல்லாம் தெரியத் தொடங்கும்.

வழிகாட்டி தானின் என்று ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்வார். ஐரோப்பியர்கள் அதை விளக்கப் படாத பாடு படுவார்கள். நமக்கு அது துவர்ப்பு. நாவல்பழம் தின்றதும் நாக்கு இழுக்குமே, பாக்கை மென்றதும் கன்னத்தின் உட்புறம் வறளுமே, அதேதான். அறுசுவையில் ஒன்றாக அதை எண்ணி வளர்ந்தவர்கள் நாம், அதனால் இந்த இடத்தில் உங்கள் நாக்கை முழுசாக நம்பலாம். துவர்ப்பு நாக்கின் நுனியிலா, ஈறிலா, கன்னத்திலா என்று பாருங்கள். விழுங்கிய பின் எவ்வளவு நேரம் தங்குகிறது என்றும் பாருங்கள். எச்சிலில் உள்ள புரதத்தைத் தானின் பிடித்துக்கொள்வதால்தான் வாய் வறள்கிறது. கொழுப்பும் புரதமும் உள்ள இறைச்சியோ சீஸோ வாயில் இருந்தால் தானின் அந்தப் புரதத்தைப் பிடித்துக்கொள்ளும், உங்கள் வாயை விட்டுவிடும். உப்பும் துவர்ப்பைத் தணிக்கும். காரம் நேர் எதிர், ஆல்கஹாலின் எரிச்சலை ஏற்றிவிடும். இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொண்டால் வழிகாட்டி அடுத்து எதை எதோடு தரப்போகிறார் என்று நீங்களே ஊகிக்கலாம்.

இன்னொரு வாசனையும் நமக்குச் சட்டென்று பிடிபடும். ரியோஹாவில் போர்தோ பாணி 225 லிட்டர் பீப்பாய்களில் ஒயினை வைப்பார்கள், மரம் பெரும்பாலும் அமெரிக்க ஓக். அந்த மரம் வெனிலா வாசனையையும் தேங்காய் வாசனையையும் தரும். பீப்பாயில் இருந்த சிவப்பு ஒயினை முகர்ந்துவிட்டுக் கண்ணை மூடுங்கள், துருவிய தேங்காய் நினைவுக்கு வந்தால் தயங்காமல் சொல்லுங்கள். மற்றவர்கள் செர்ரி, கிராம்பு, புகையிலை என்று அடுக்கும்போது நமக்குத் தெரியாதே என்று வாயை மூடிக்கொண்டு இருக்காதீர்கள். உங்களுக்கு எது நினைவுக்கு வருகிறதோ அதுதான் உங்களுக்கான சொல்.

வரிசை பெரும்பாலும் லேசானதில் தொடங்கிக் கனமானதில் முடியும். முதலில் வியூரா திராட்சையின் வெள்ளை. அதோடு பக்கத்து கமேரோஸ் மலையின் ஆட்டுப்பால் சீஸ் வரலாம், அல்லது ஹில்தா வரலாம், அதாவது குச்சியில் கோத்த ஆலிவ், உப்பில் ஊறிய நெத்திலி, ஊறுகாய்ப் பச்சைமிளகாய். மூன்றும் உப்பும் புளிப்புமாகத் தாக்கும், சிவப்பு ஒயின் அதன் முன் நிற்காது, வெள்ளை நிற்கும். அடுத்து அதிக நாள் வைக்காத சிவப்பு ஒயின். லாகுவார்தியா பக்கத்தில் திராட்சைக் குலைகளை நசுக்காமல் முழுசாகவே நொதிக்க விடும் பழக்கம் உண்டு, அந்த ஒயினில் வாழைப்பழ வாசனைகூட வரும். சொரீசோ என்ற மிளகாய்ப்பொடி சேர்த்த பன்றித் தொத்திறைச்சிக்கு அது நல்ல ஜோடி. பின்னர் பீக்கியோ என்ற சிவப்புக் குடைமிளகாய், உள்ளே காட் மீனோ இறைச்சியோ அடைத்து வரும், காரம் கிடையாது, சுட்ட இனிப்பு மட்டும் இருக்கும். கடைசியில், அதிர்ஷ்டம் இருந்தால், இளம் ஆட்டு விலாக்கறி. கவாத்து செய்த திராட்சைக் குச்சிகளைச் சேர்த்து வைத்து அந்தத் தணலிலேயே சுடுவார்கள். அதைத் தின்றுவிட்டு ரெசெர்வா என்ற முதிர்ந்த சிவப்பு ஒயினை ஒரு வாய் குடித்துப் பாருங்கள். சற்று முன்பு ஈறைப் பிடித்திழுத்த துவர்ப்பு எங்கே போனது என்றே தெரியாது. இந்த ஒரு நொடிக்காகத்தான் நான் திரும்பத் திரும்பப் போகிறேன்.

அஸ்பாரகஸும் ஆர்ட்டிசோக்கும் தட்டில் இருந்தால் தனியாகச் சாப்பிடுங்கள், ஒயினின் சுவையைத் திருகிவிடும்.

சைவர்கள் பதிவு செய்யும்போதே சொல்லிவிட வேண்டும், நேரில் போய்ச் சொன்னால் ரொட்டியும் ஆலிவும்தான் மிஞ்சும். "இறைச்சி இல்லாமல்" என்று மட்டும் சொன்னால் போதாது. ஹமோன் என்ற பதப்படுத்திய பன்றித்தொடையை இறைச்சிக் கணக்கில் சேர்க்காத சமையல்காரர்கள் இருக்கிறார்கள், காய்கறி வதக்கலிலும் அது துண்டுதுண்டாக விழும், சாலட்டில் டூனா வரும். "சின் கார்னே, சின் ஹமோன், சின் பெஸ்காதோ" என்று மூன்றையும் சொல்லுங்கள்: இறைச்சி, ஹமோன், மீன் எதுவும் வேண்டாம். முட்டை சாப்பிடுகிறவர்களுக்கு உருளைக்கிழங்கு தொர்த்தியா நிச்சயம் கிடைக்கும். முட்டையும் கூடாது என்றால் ஒயினைப் பற்றியும் ஒரு வார்த்தை கேளுங்கள், ஏனென்றால் சிவப்பு ஒயினைத் தெளியவைக்க முட்டையின் வெள்ளைக்கருவைப் பயன்படுத்தும் பழைய முறையைச் சில பொடேகாக்கள் இன்னும் விடவில்லை. பன்றி வேண்டாம் என்பவர்கள் சொரீசோவையும் ஹமோனையும் பெயர் சொல்லித் தவிர்க்கச் சொல்லுங்கள்.

மேசையில் ஒரு பாத்திரம் இருக்கும், நம் பழைய படிக்கம் மாதிரிதான், துப்புவதற்கு. துப்புவதோ மிச்சத்தை ஊற்றுவதோ மரியாதைக் குறைவு இல்லை. எல்லாவற்றையும் விழுங்கினால் நான்காவது ஒயினில் நாக்கு மழுங்கிவிடும், அதுதான் பெரும்பாலும் அவர்களின் சிறந்த ஒயின்.

சில இடங்களில் பொர்ரோன் என்ற மூக்கு நீண்ட கண்ணாடிக் குடுவையைக் கொண்டுவருவார்கள். உதடு படாமல் உயரத்திலிருந்து வாய்க்குள் ஊற்றிக்கொள்ள வேண்டும், வெளிநாட்டுப் பயணிகள் சட்டையெல்லாம் நனைத்துக்கொள்வார்கள். அண்ணாந்து தண்ணீர் குடித்து வளர்ந்தவருக்கு இது கைவந்த வேலை, தைரியமாக வாங்குங்கள். தாரை மெல்லியதாக வருவதால் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கிக்கொண்டே இருக்கலாம்.

வாங்கும்போது பாட்டிலின் பின்பக்க முத்திரையைப் பாருங்கள். இளம் ஒயினுக்குப் பச்சை. கிரியான்சாவுக்குச் சிவப்பு, குறைந்தது இரண்டு ஆண்டு பழையது. ரெசெர்வாவுக்கு அடர்சிவப்பு, மூன்று ஆண்டு. கிரான் ரெசெர்வாவுக்கு நீலம், ஐந்து ஆண்டு, அதில் இரண்டு பீப்பாயில். விலை உயர்ந்ததுதான் சிறந்தது என்று நினைக்க வேண்டாம், தட்டோடு எது உங்களுக்குப் பிடித்ததோ அதை வாங்குங்கள், பல சமயம் அது கிரியான்சாவாகவே இருக்கும். பாட்டிலைத் துணியில் சுற்றி, செக்-இன் பெட்டியில் மட்டும் வையுங்கள். இந்தியாவுக்குத் திரும்புகிறவர்களுக்குத் தீர்வையில்லாமல் 2 லிட்டர்வரை அனுமதி, அதாவது 750 மில்லி பாட்டில் இரண்டு. வீட்டில் திறக்கும் நாளில் அரைமணி நேரம் முன்பு ஃபிரிட்ஜில் வைத்து எடுங்கள். நம் ஊர் அறைச் சூட்டில் சிவப்பு ஒயினின் பழ வாசனை போய் ஆல்கஹால் மட்டும்தான் மூக்கில் ஏறும்.