மின்னோட்டப் பின்னூட்டப் பெருக்கியின் சோதனைப் பலகையில் கெயினை அமைப்பது எப்படி?

சாதாரண ஆப்-ஆம்ப்களில் (மின்னழுத்தப் பின்னூட்டப் பெருக்கிச் சிப்களில்) பழகியவர்கள், கெயினை, அதாவது சிக்னல் எத்தனை மடங்கு பெருகுகிறது என்பதை, மாற்ற வேண்டும் என்றதும் வெளியீட்டிலிருந்து மைனஸ் உள்ளீட்டுக்குச் செல்லும் பின்னூட்ட மின்தடையைத்தான் முதலில் கழற்றப் பார்ப்பார்கள். மைனஸ் உள்ளீட்டில் பாயும் மின்னோட்டத்தையே பின்னூட்டமாகக் கொள்ளும் மின்னோட்டப் பின்னூட்டப் பெருக்கியில், கெயினுக்காக அதில் கைவைக்கக் கூடாது. இவ்வகைச் சிப்பில் பட்டையகலமும் (பெருக்கி சரியாகக் கையாளும் அதிர்வெண் வரம்பும்) நிலைத்தன்மையும் பெரும்பாலும் அந்த ஒரே மின்தடையைப் பொறுத்தே அமைகின்றன. அதை அளவுக்கு மீறிக் குறைத்தால் பெருக்கி தானாகவே அலைவுறத் (oscillate) தொடங்கும், கூட்டினால் வேகம் குறையும். ஆகவே டேட்டாஷீட் பரிந்துரைக்கும் மதிப்பை அங்கே பொருத்திவிட்டு, மைனஸ் உள்ளீட்டிலிருந்து கிரவுண்டுக்குச் செல்லும் கெயின் மின்தடையை மட்டும் மாற்ற வேண்டும்.

சிக்னலை பிளஸ் உள்ளீட்டில் கொடுக்கும் அமைப்பில், பின்னூட்ட மின்தடையைக் கெயின் மின்தடையால் வகுத்து 1-ஐக் கூட்டினால் கெயின் கிடைக்கும். பின்னூட்டம் 750 ஓம் எனக் கொண்டால், கெயின் 2-க்கு 750 ஓம், கெயின் 5-க்கு 187 ஓம், கெயின் 10-க்கு 82.5 ஓம் போட வேண்டும். ஒரு சதவீதத் துல்லியமுள்ள மின்தடைகளில் இம்மதிப்புகள் எளிதில் கிடைக்கும். கெயின் 1 வேண்டுமானால் கெயின் மின்தடையை எடுத்துவிடலாம், ஆனால் வெளியீட்டையும் மைனஸ் உள்ளீட்டையும் வெறும் கம்பியால் இணைத்துவிடக் கூடாது. அப்போதும் பின்னூட்ட மின்தடை இருந்தே ஆக வேண்டும், பல சிப்களில் சற்றுக் கூடுதலான மதிப்பிலேயே.

கெயின் 10-ஐ நெருங்கும்போது மைனஸ் உள்ளீட்டின் சிறிய உள்தடையும் கணக்கில் வந்து பட்டையகலத்தைச் சுருக்குகிறது. அதை ஈடுகட்ட மட்டும் பின்னூட்ட மின்தடையையும் குறைக்கலாம். அந்த உள்தடை 25 ஓம் என்றால், அதைக் கெயினால் பெருக்கிப் பின்னூட்ட மின்தடையோடு கூட்டிய தொகை மாறாதபடி பார்த்துக்கொள்வது வழக்கம்: கெயின் 2-இல் 750-உம் 50-உம் சேர்ந்து 800, கெயின் 10-இல் 250 போக மீதி 550. எனவே பின்னூட்டத்தில் 549 ஓமும் கெயின் மின்தடையாக 60.4 ஓமும் பொருத்தினால் கெயின் ஏறத்தாழ 10.1 ஆகவும், வேகம் பெரிதும் குறையாமலும் இருக்கும்.

மின்சாரத்தைத் துண்டித்த பிறகே பற்றவைப்பைத் தொடங்குங்கள். மைனஸ் முனையில் சேரும் ஓரிரு பிக்கோஃபாரட் மின்தேக்குத்திறன் கூட உயர் அதிர்வெண்களில் கெயினை மேடுபோல் உயர்த்தும் என்பதால், மின்தடைகள் சிப்பை ஒட்டியே அமர வேண்டும். கெயினைத் திருகிப் பார்க்கலாமே என்று அங்கே பொட்டென்ஷியோமீட்டரை நீட்டுவதும், பின்னூட்ட மின்தடைக்குக் குறுக்கே மின்தேக்கி வைப்பதும் வேண்டவே வேண்டாம். ஆஸிலோஸ்கோப் புரோப்பின் முனையையும் அந்தப் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

அளக்கும்போது பலரும் குழம்புவது 50 ஓம் விஷயத்தில்தான். வெளியீட்டில் 50 ஓம் தொடர் மின்தடை இருந்து, ஸ்கோப்பும் 50 ஓம் உள்ளீட்டில் இருந்தால், திரையில் பாதி கெயினே தெரியும். கெயின் 2-க்கு அமைத்த பலகை 1 என்று காட்டுவது பழுதன்று. 100 மில்லிவோல்ட் சதுர அலையைக் கொடுத்து, ஏறும் விளிம்பைக் கவனியுங்கள். விளிம்பு துள்ளி நடுங்கினால், பின்னூட்ட மின்தடையை ஒரு படி உயர்த்தி, கெயின் மின்தடையையும் அதே விகிதத்தில் உயர்த்த வேண்டும்.