இணையம் இல்லாமல் கணினியில் வேதம் ஆராய

கணினியில் வேதம் ஆராய எந்த மென்பொருள் நல்லது என்று எங்கள் யாங்கோன் சபைப் பெண்கள் கேட்கும்போது, இணையம் இல்லாமலும் இயங்குகிறதா என்று முதலில் பாருங்கள் என்பேன். இங்கே மின்சாரம் முறை வைத்து வருகிறது. இணையம் எந்த நேரத்தில் நிற்கும் என்று சொல்ல முடியாது. மடிக்கணினியில் மின்கலம் இருக்கும் வரையாவது படிப்பு தடைப்படக் கூடாது. அதனால் நான் பயன்படுத்துவது சைஃபோஸ் (Xiphos) என்ற வேத ஆராய்ச்சி மென்பொருள். இலவசம், விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் ஓடும்.

நிறுவியதும், வேதாகமங்களையும் துணை நூல்களையும் இறக்கித் தரும் அதன் மாட்யூல் மேனேஜரைத் திறந்து மூன்றை மட்டும் இறக்குங்கள். முதலாவது, தமிழில் இண்டியன் ரிவைஸ்டு வெர்ஷன். நாம் வீட்டில் வைத்திருக்கும் பழைய திருப்புதல் வேதாகமத்தின் நடையிலிருந்து அதிகம் விலகாதது. இரண்டாவது, ஜட்சனின் பர்மிய வேதாகமம். 1813இல் ரங்கூனில், அதாவது இதே யாங்கோனில், வந்திறங்கிய அமெரிக்க மிஷனரி அதோனிராம் ஜட்சன் மொழிபெயர்த்தது. நம் பிள்ளைகள் தமிழைவிடப் பர்மியத்தை வேகமாக வாசிக்கிறார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்தால் தாயும் மகளும் ஒரே வசனத்தைச் சேர்ந்து படிக்கலாம். மூன்றாவது எது என்பதைக் கீழே சொல்கிறேன். விளக்கவுரைகள் நிறையக் கிடைக்கும். அவற்றை இப்போது தொடாதீர்கள். வசனத்தை நாமே வாசித்து யோசிப்பதற்கு முன்னால் பிறர் கருத்து கண்ணில் பட்டால், அதற்குப் பிறகு வேறெதுவும் தோன்றுவதில்லை.

ஒரு பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். பிலிப்பியர் நாலாம் அதிகாரம் என்று வைப்போம். முழுவதையும் இருமுறை வாசித்துவிட்டுத்தான் தேடல் பெட்டிக்குப் போக வேண்டும்.

தேடுவதில்தான் தமிழர் பலர் சோர்ந்துபோகிறார்கள். "கவலை" என்று தட்டினால் கைக்கு வருவது கொஞ்சம்தான். காரணம், முழுச்சொல்லை மட்டும் பார்க்கும் தேடலில் "கவலைப்படாமல்" என்பதும் "கவலைகளை" என்பதும் வேறு சொற்கள். எனவே சொல்லின் துண்டையும் பார்க்கும் தேடல் வகையைத் தேர்ந்தெடுங்கள். அப்போது பிலிப்பியர் 4:6, மத்தேயு 6:25, 1 பேதுரு 5:7 எல்லாம் ஒன்றாக வரிசையில் வந்து நிற்கும்.

அடுத்தது, சொல்லின் கடைசி எழுத்தை விட்டுவிடுங்கள். "ஜெபம்" என்று தேடினால் "ஜெபத்தினாலும்" அகப்படாது. "ஜெப" என்று தேடினால் இரண்டும் அகப்படும். "அன்பு" என்பதன் உகரத்தை நீக்கி "அன்ப" என்று தட்டினால் அன்பில், அன்பை, அன்பினால் எல்லாம் வரும். உயிரெழுத்தில் தொடங்கும் சொல்லுக்கு மட்டும் இன்னொரு தேடல் வேண்டும். "பேரன்பு" என்பதில் அகரம் முந்தைய எழுத்தோடு சேர்ந்துவிடுவதால் "அன்ப" அதைக் காணாது. "ரன்ப" என்று தனியாகத் தேட வேண்டும். பொறுமை வேண்டிய வேலைதான். ஆனாலும் ஒரு வசனமும் விடுபடாமல் கண்முன் வரும்போது கிடைக்கும் சந்தோஷம் பெரிது.

பர்மியத்தில் தேடுகிறவர்கள் தங்கள் விசைப்பலகையைப் பார்த்துக்கொள்ளுங்கள். மியான்மர் 2019 அக்டோபரில் யூனிகோடு என்ற பொது எழுத்துக் குறியீட்டுக்கு மாறியது. பழைய கணினிகளில் அதற்கு முன் வழங்கிய ஸௌஜி எழுத்துரு இன்னும் இருக்கிறது. திரையில் ஒரே மாதிரி தெரிந்தாலும் உள்ளே குறியீடு வேறு என்பதால் தேடல் வெறுங்கையோடு திரும்பும். பாமினி எழுத்துருவில் தட்டி வைத்த பழைய தமிழ்ப் பிரசங்கக் குறிப்புகளுக்கும் இதே கதிதான். யூனிகோடுக்கு மாற்றிய பிறகே அவற்றில் தேடுங்கள்.

இனி அந்த மூன்றாவது. ட்ரெஷரி ஆஃப் ஸ்கிரிப்ச்சர் நாலெட்ஜ் என்ற ஒத்துவாக்கியத் தொகுப்பு, அதாவது ஒரு வசனத்தோடு பொருந்தும் மற்ற வசனங்களின் பட்டியல். பெயரைக் கண்டு பயப்பட வேண்டாம். அதில் பெரும்பாலும் வசன எண்கள்தான்; எண்ணைச் சொடுக்கினால் வசனத்தைத் தமிழிலேயே வாசிக்கலாம். ஆங்கிலம் அறியாத எங்கள் மூத்த சகோதரிகள் இதைத்தான் அதிகம் நேசிக்கிறார்கள். ஒரே சொல் வராமலேயே ஒரே பொருளைப் பேசும் வசனங்களைத் தேடல் பெட்டியால் தர முடியாது, இது தரும். ஆனாலும் காட்டிய இடத்தில் அந்த ஒற்றை வசனத்தோடு நிற்காமல், முன்னும் பின்னும் பத்து வசனமாவது வாசியுங்கள்.

கண்டதை எழுதி வையுங்கள். சைஃபோஸில் அந்தந்த வசனத்தோடு சேர்த்து நம் குறிப்பை எழுத இடம் உண்டு. நான் கேள்விகளையும் அங்கேயே எழுதுகிறேன், விடை கிடைக்காவிட்டாலும். வாரம் ஒரு தடவை குறிப்புகளை ஒரு பென் டிரைவில் பிரதி எடுத்துவிடுங்கள். மின்சாரம் திடீரென்று போய்வரும் ஊரில் கணினியை மட்டும் நம்பக் கூடாது.

இணையம் இல்லாத சகோதரிக்கும் அதே பென் டிரைவ் உதவும். இறக்கி வைத்த வேதாகமங்களைப் பிரதி எடுத்துக் கொடுத்தால், மாட்யூல் மேனேஜரில் இணைய முகவரிக்குப் பதிலாக அந்தக் கோப்புறையைக் காட்டி நிறுவிக்கொள்ளலாம். மேலே சொன்ன தமிழ், பர்மிய வேதாகமங்கள் இரண்டையும் பகிர்ந்துகொள்ள அனுமதி இருக்கிறது. தயங்காமல் கொடுங்கள்.