பட்டறையில் ஒரு சிறுவனைக் கண்டால்: புகார் அளிக்கும் முறை

சென்னை சவுகார்பேட்டையின் நகைப்பட்டறைகளிலிருந்தும் பை தைக்கும் கூடங்களிலிருந்தும் மீட்கப்பட்ட சிறுவர்களில் பலர் பீகாரிலிருந்தும் மேற்கு வங்கத்திலிருந்தும் வந்தவர்கள். பெற்றோர் கையில் முன்பணத்தைக் கொடுத்து, தொழில் கற்றுத் தருவதாகச் சொல்லி, தரகர் ரயிலேற்றிவிடுகிறார். அதன்பின் வேலை செய்யும் அறையே படுக்கையறையாகிறது, கூலி முன்பணத்தில் கழிந்துகொண்டே போகிறது. வறுமைதான் காரணம் என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் ஏழைகள் எல்லோரும் பிள்ளையை அனுப்பிவிடுவதில்லை. வீட்டில் கடனும், வாசலில் தரகரும், எதிர்த்துப் பேசாத கைகளைத் தேடும் முதலாளியும் சேரும்போதுதான் அனுப்புகிறார்கள்.

வயதைக் கேட்டால், கல்லாவில் இருப்பவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பையன் "பதினெட்டு" என்பான். அத்துடன் விட்டுவிடுங்கள். முதலாளியிடம் வாதாடினால், மாலைக்குள் அவனை வேறிடத்துக்கு மாற்றிவிடக்கூடும். கதவு எண், மாடி, எத்தனை சிறுவர்கள் என்பவற்றோடு, நீங்கள் பார்த்த நாளையும் நேரத்தையும் தவறாமல் குறித்துக்கொள்ளுங்கள். "சொந்தக்காரப் பையன்" என்பது வழக்கமான பதில். 2016-இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம் 14 வயதுக்கு உட்பட்டோரை எந்த வேலையிலும் அமர்த்தக் கூடாது என்றாலும், குடும்பத் தொழிலில் பள்ளி நேரத்துக்குப் பின்னும் விடுமுறையிலும் உதவுவதை விட்டுவைத்திருக்கிறது, அந்தக் குடும்பத்தில் மாமாவையும் சித்தப்பாவையும்கூடச் சேர்த்திருக்கிறது. (இந்த ஓட்டையை அடைத்திருக்க வேண்டும் என்பதே என் எண்ணம்.) ஆகவே, பள்ளி நாளில் காலை பதினொரு மணிக்கு அவன் பட்டறையில் இருந்தான் என்ற குறிப்பு அந்தப் பதிலை உடைக்கும்.

பிறகு குழந்தைகளுக்கான உதவி எண் 1098-ஐ அழையுங்கள். கட்டணமில்லை, இரவிலும் எடுப்பார்கள். முன்பணம் கைமாறியதாகத் தெரிந்தால் அதை முதலிலேயே சொல்லுங்கள், ஏனெனில் அப்போது இது கொத்தடிமை வழக்காகவும் ஆகிறது. 1976-ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்தக் கடன் செல்லாது. மீட்கப்பட்ட சிறுவனை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்த வேண்டும். அதோடு, கொத்தடிமையிலிருந்து விடுவிக்கப்பட்டான் என்று காட்டும் விடுதலைச் சான்றிதழ் கோட்டாட்சியரிடமிருந்து கிடைத்ததா என்று தொடர்ந்து கேளுங்கள். அந்தத் தாள் இல்லாமல் ஊர் திரும்பினால், தரகர் முன்பணத்தைக் கேட்டு மறுபடியும் வாசலில் நிற்பார், பையனும் மறுபடியும் ரயிலேறுவான். 14 வயதுக்குள் இருந்தால், சொந்த ஊர்ப் பள்ளியில் வயதுக்கேற்ற வகுப்பில் சேர அவனுக்கு உரிமை உண்டு. மாற்றுச் சான்றிதழ் இல்லை என்று தலைமையாசிரியர் மறுக்க முடியாது.