வெறுங்குப்பி அல்ல: வாங்கிப் புரதத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வாங்கி (receptor) என்பது கலத்துக்கு வரும் சமிக்ஞையைப் பற்றிக்கொள்ளும் புரதம். ஆய்வுகூடத்துக்குத் தருவிக்கும் 100 மைக்ரோகிராம் உலர்ந்த வாங்கிப் புரதம் பல வேளைகளில் கண்ணுக்கே தெரியாது. கொழும்பிலிருந்து திருகோணமலை வரை குலுங்கி வந்த குப்பியில் அது மூடியின் உட்புறம் ஒட்டிக்கிடக்கும். வெறுங்குப்பி என்றெண்ணித் திறந்தால், மாதக்கணக்கில் காத்திருந்து பெற்றது மூடியோடு போய்விடும். திறக்குமுன் மையநீக்கியில் (centrifuge) அரை நிமிடம் சுற்றி, பொடியை அடியில் இறக்குங்கள்.

கரைக்கும்போது குலுக்காதீர்கள், நுரையில் புரதம் உருக்குலையும். மிக ஐதாகவும் கரைக்க வேண்டாம், பிளாஸ்டிக் சுவரே அதை உறிஞ்சிக்கொள்ளும்.

உறைந்து உருகுவது கெடுதி என்பதால் சிறு பங்குகளாகப் பிரித்து உறையவைக்கச் சொல்வார்கள். நல்லதுதான். ஆனால் மின்சாரம் நின்றால் எல்லாப் பங்கும் ஒன்றாகவே உருகும். 2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு 13 மணி நேரம் வரை நீண்டதை மறந்துவிட முடியுமா? இங்கே, இந்த வெக்கையில், பரிசோதனை நாள் உறுதியாகும்வரை கரைக்காமலே வைத்திருங்கள் என்பேன். உலர்பொடி தாக்குப்பிடிக்கும் அளவுக்குக் கரைசல் தாக்குப்பிடிக்காது.

என்னை மிகவும் வருத்துவது வேறொரு தவறு. நோயெதிர்ப்புக்குரிய ரி கலங்களிலுள்ள பிடி-1 (PD-1) வாங்கியை எடுத்துக்கொள்வோம். 1992 இல் ஜப்பானிய ஆய்வாளர் தசுகு ஹோஞ்சோவின் குழு அறிவித்த புரதம் அது. 2018 இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பிடி-1 இன் வெளிப்பகுதியோடு மனிதப் பிறபொருளெதிரியின் (antibody) அடிப்பகுதியான எஃப்சி (Fc) துண்டை வால்போல இணைத்தும் விற்கிறார்கள். அதைக் குழிகளுள்ள சோதனைத் தட்டில் பூசி, பெம்ப்ரோலிசுமாப் என்ற புற்றுநோய் மருந்து பற்றுகிறதா என்று பார்க்க, மனிதப் பிறபொருளெதிரியை இனங்கண்டு நிறம் காட்டும் இரண்டாம் பிறபொருளெதிரியை இடுகிறார் மாணவர். மருந்தும் மனிதவகைப் பிறபொருளெதிரியே என்பதால் இரண்டாம் பிறபொருளெதிரி அதைப் பிடிக்கும், வாலையும் பிடிக்கும். எல்லாக் குழிகளும் அழகாக நிறம் மாறும். மருந்தே இடாத ஒரு குழியை வைத்திருந்தால் அன்றே பிழை தெரிந்திருக்கும். வைக்காததால் வாரங்கள் வீணானதைப் பார்த்திருக்கிறேன். இந்தச் சோதனைக்கு எஃப்சிக்குப் பதிலாக ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தாலான வாலுள்ள புரதத்தைத் தருவியுங்கள்.

எந்தக் கலத்தில் தயாரித்தது என்பதையும் தரவுத்தாளில் பாருங்கள். பிடி-1 மீது சர்க்கரைச் சங்கிலி ஏறும் இடங்கள் நான்கு. ஈ.கோலை பற்றீரியா வழக்கமாக அவற்றை ஏற்றித் தராது. பிடி-1 ஐப் பற்றும் காம்ரெலிசுமாப் போன்ற மருந்து 58ஆம் அமினோ அமிலத்திலுள்ள சங்கிலியையும் சேர்த்தே பற்றுவதால், அங்கே விடை பிழையாகும். பற்றீரியாவின் சுவரிலிருந்து வரும் அகநச்சு (endotoxin) எஞ்சியிருந்தால் மாக்குரோபேஜ் என்ற நோயெதிர்ப்புக் கலங்கள் அதனாலேயே கிளர்ந்தெழும். பழியோ வாங்கிப் புரதத்தின்மேல் விழும். அகநச்சு அளவு தாளில் இல்லாத குப்பியைக் கலங்களில் இடாதீர்கள், எலைசா (ELISA) என்ற தட்டுச் சோதனைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.